குளம் கட்டிவிடலாம், ஸீல் யார் வாங்குவது?

வடசென்னைக்கு ஒரு நல்ல நீச்சல் குளம் வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், "குடிக்கிற தண்ணீரே லாரியில் வருது, இதுல நீச்சல் குளம் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறைய பேர். எனக்கு அந்தக் கருத்து இல்லை. குளம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் குளம் கேட்கும் மனுவில் இரண்டாவதாக ஒரு வரியும் இருக்க வேண்டும் என்பேன். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், குளம் ஏன் வேண்டும்? நம் பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது, நீந்தக் கற்றுக்கொள்ள இடம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிக் கடலுக்குள் சுவர் போட்டார்கள். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. அவர்களுக்கு மணல், நமக்குக் கருங்கல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரமாகக் கொட்டியிருக்கும் பாறைகளிலிருந்தும் தூண்டில் வளைவுகளிலிருந்தும் கோடை விடுமுறையில் பையன்கள் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாசி பிடித்த பாறை, அடியில் இழுக்கும் நீரோட்டம், காவலுக்கு ஆள் கிடையாது. கடலில் குளிக்கப் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி வராத வருஷம் இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தானாக வந்துவிடும். லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் யார் கற்றுத்தருவது?

மாநகராட்சிக் குளம் என்றால் நம் தலைமுறைக்குத் தெரிந்தது மெரினாக் குளமும், பெரியமேடு மைலேடி பூங்காக் குளமும். மைலேடி பூங்கா காகிதத்தில் ராயபுரம் மண்டலத்தில்தான் வருகிறது. ஆனால் எண்ணூரிலிருந்து ஒரு பையன் அங்கே போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2011-இல் திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் மாநகராட்சியோடு சேர்த்தபோது, மாநகரத்து வசதிகள் எல்லாம் நமக்கும் வரும் என்றார்கள். அதில் இதையும் சேர்த்துக் கேட்பது நியாயம்தான்.

இனி இரண்டாவது வரி. குளத்தைக் கட்டப் பணம் ஒதுக்கும் அன்றே, அதைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் வருஷா வருஷம் எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில், யார் கையெழுத்தில் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். அது இல்லையென்றால் குளமே வேண்டாம் என்பேன். பராமரிப்பு இல்லாத பூங்காவில் புல் காயும், அவ்வளவுதான். பராமரிப்பு இல்லாத குளத்தில் உயிர் போகும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் அலுவலகத்தின் கீழ் பயிற்சி மையம் ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே ஒரு சிறிய நீச்சல் குளம். கட்டியபோது கல்வெட்டு வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம் பம்ப்பின் ஸீல் தேய்ந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்று ஃபைல் மேலே போயிற்று. "மூன்று கொட்டேஷன் எங்கே?" என்ற கேள்வியோடு கீழே வந்தது. கொட்டேஷன் வாங்கி அனுப்பினோம். "இது பழுதா, மாற்றமா? விளக்கவும்" என்று மறுபடியும் வந்தது. இதற்குள் கசிந்த தண்ணீர் பேரிங்கில் இறங்கி, அடுத்து மோட்டாருக்குள் போய், காயில் புகைந்துவிட்டது. ஸீலுக்குக் கேட்ட தொகையைப் போலப் பத்து மடங்கு காயில் கட்டக் கேட்டோம். அது முடிவாகும் முன் மார்ச் வந்தது, இருந்த ஃபண்டையும் சரண்டர் செய்தார்கள். ஓடாத தண்ணீர் பச்சையாயிற்று, கொசு வந்தது. தண்ணீரை வடித்து வெறும் குளமாக வெயிலில் போட்டார்கள். டைல்ஸ் பெயர்ந்தது. கடைசியில் நான் ஓய்வு பெறுவதற்குள் மண் நிரப்பி மூடிவிட்டார்கள். நானூறு ரூபாய் ஸீல் ஒரு குளத்தையே விழுங்கிற்று. எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள். யார் மேலும் ஒரு குறிப்பாணைகூடப் போகவில்லை.

சரி, ஒரு குளத்தை ஓட்ட உண்மையில் எவ்வளவு ஆகும்? பழைய பழக்கம், கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள நடுத்தரக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் லிட்டர்.

இந்தத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மணல் ஃபில்டர் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு 7.5 குதிரைத்திறன் மோட்டார், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் அறுபத்தைந்து யூனிட் போல ஆகும். மாதம் இரண்டாயிரம் யூனிட். ஒரு கணக்குக்கு யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 20,000 ரூபாய் மின்சாரத்துக்கு மட்டும்.

அடுத்தது மருந்து. தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் திறந்த குளத்துக் குளோரின் கற்பூரம் மாதிரி பறந்துவிடும். நாளுக்கு மூன்று மில்லிகிராம் ஈடுகட்ட வேண்டுமென்றால், 65 சதவீதச் சரக்கில் தினம் இரண்டு கிலோ, மாதம் அறுபது கிலோ. கார அமிலத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். அது ஏறிவிட்டால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் சரியாக வேலை செய்யாது. காசு தண்ணீரில் போட்ட உப்புதான். அதைச் சரிக்கட்ட அமிலம், தினமும் அளந்து பார்க்கும் மருந்து, மாதம் ஒரு முறை ஆய்வுக்கூடப் பரிசோதனை என்று எல்லாம் உண்டு.

தண்ணீரும் தீர்ந்துகொண்டே இருக்கும். தினம் ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால்கூட 1,500 லிட்டர் போயிற்று. வாரம் இரண்டு முறை ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவ வேண்டும், பேக்வாஷ் என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆறாயிரம் லிட்டர் சாக்கடைக்குப் போகும். எல்லாம் சேர்த்தால் மாதம் ஒரு லட்சம் லிட்டரை நெருங்கும். இது ஒழுகாத குளத்துக்கு! தினம் ஒரே ஒரு சென்டிமீட்டர் ஒழுகினால் 3,000 லிட்டர். மாதம் 9,000 லிட்டர் லாரி பத்து லோடு. ஒழுகலைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் குறித்துவிட்டு மறுநாள் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. வெளியே அதிகம் இறங்கியிருந்தால் குளம் ஒழுகுகிறது. இதைச் செய்ய ஓர் ஆளும் எழுதி வைக்க ஒரு நோட்டும் வேண்டும். அதுதான் இருக்காது.

பெரிய செலவு ஆட்களுக்குத்தான். காலையும் மாலையும் உயிர்காப்பாளர், மோட்டாரும் மருந்தும் பார்க்க ஒருவர், துப்புரவுக்கு ஒருவர். மொத்தம் நாலு பேருக்கு ஆளுக்கு 15,000 என்று குறைத்துப் போட்டாலும் 60,000 ரூபாய். எல்லாம் சேர்ந்தால் மாதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இதில் பழுது செலவு ஒரு பைசாகூட இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை ஃபில்டர் மணலை மாற்றவேண்டும். மோட்டார், வால்வு, டைல்ஸ் இடுக்குப் பூச்சு, அடியில் நீர்க்காப்புப் பூச்சு எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை என்பார்கள். இங்கே யானைக்குத் தீனிக்கே யாரும் யோசிப்பதில்லை.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. நம் பக்கத்துக்கு என்று தனிச் செலவும் உண்டு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். மோட்டார் மூடி, மின்பெட்டி, கைப்பிடி ஏணி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். சாதாரண 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு கடலோரத்தில் குளோரின் தண்ணீரில் புள்ளி புள்ளியாய் அரிக்கும். 316 ரகம் தாங்கும், விலை கூடுதல். டெண்டரில் ரகம் எழுதாவிட்டால் எது வரும் என்று நான் சொல்லவேண்டுமா? தூசு வேறு. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, ராயபுரத்து மொட்டை மாடிகள் கொஞ்சம் வெளுத்தன. அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. அங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் சேரும், கண்டெய்னர் லாரிப் புழுதியும் சேரும். அண்ணா நகரில் வாரம் இரண்டு முறை கழுவும் ஃபில்டரை இங்கே மூன்று முறை கழுவவேண்டி வரலாம். ஆகவே மற்ற மண்டலத்து எஸ்டிமேட்டை அப்படியே காப்பி எடுத்து இங்கே போடக்கூடாது.

பழுதை ஒத்திப்போடுவதில் பணம் மட்டும் நஷ்டமல்ல. குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு ஒரு சல்லடை மூடி இருக்கும். அது உடைந்தாலோ கழன்றாலோ, குழந்தையின் முடியையோ கையையோ உடம்பையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஆள் இழுத்தாலும் வராது. அமெரிக்காவில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் அப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் மூடிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டுக் குழந்தைக்கே அந்தக் கதி. கலங்கிய தண்ணீரும் அப்படித்தான். அடித்தரை தெரியாத குளத்தில் மூழ்கிய குழந்தை மேலே நிற்பவர் கண்ணில் படாது.

நம் ஊரிலும் பாடம் படிக்காமல் இல்லை. 2012-இல் சென்னைப் பள்ளி ஒன்றின் குளத்தில் மாணவன் ஒருவன் மூழ்கி இறந்து, விஷயம் நீதிமன்றம் வரை போய், 2015-இல் நீச்சல் குளங்களுக்கென்றே தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் 2023-இல் பெரியமேடு குளத்தில் ஒரு சிறுவன் மூழ்கி இறந்தான். விதி புத்தகத்தில் இருக்கிறது. குளத்தங்கரையில் ஆள் இருக்க வேண்டுமென்றால் மாதா மாதம் சம்பளம் இருக்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். இன்றும் கண் ஒத்துழைக்கும் நாட்களில் பிரெஞ்சுப் பத்திரிகை பார்ப்பதுண்டு. அந்த நாட்டுக் கதை நமக்கு உதவும். 1968 ஒலிம்பிக்கில் நீச்சலில் சோபிக்கவில்லை, தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்களும் அதிகம் என்று 1969-இல் பிரெஞ்சு அரசு "ஆயிரம் குளங்கள்" என்று ஒரு திட்டம் போட்டது. அதில் ஒரு வகைக்குத் "தூர்னெசோல்" என்று பெயர், சூரியகாந்தி. வட்டமான கூரை, கோடையில் சூரியகாந்தி மாதிரி திறந்துகொள்ளும். ஒரே அச்சில் வார்த்தது போல் நூற்றெண்பதுக்கு மேல் கட்டினார்கள். குழந்தைகள் நீச்சல் கற்றார்கள், நல்லதுதான். பிறகு கூரை ஒழுகிற்று, திறக்கும் கூரை திறக்கவில்லை, சூடுபடுத்தும் செலவு ஏறிற்று. சின்னச் சின்ன ஊராட்சிகள் கட்டியதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் திண்டாடின. 2018-இல் அவர்களுடைய தணிக்கை மன்றமே பொதுக்குளங்கள் நடத்தும் முறை காலாவதியாகிவிட்டது என்று எழுதிற்று. 2022 செப்டம்பரில் மின்சார, எரிவாயு விலை ஏறியதும், ஊராட்சிகளின் குளங்களை நடத்தும் தனியார் கம்பெனி ஒன்று முப்பது குளங்கள் போல ஒரே நாளில் பூட்டியது. பணக்கார நாட்டிலேயே இப்படி. நமக்கு அதே தவறைப் புதிதாகச் செய்துபார்க்க வசதியில்லை.

பராமரிப்புக்குப் பிரெஞ்சில் "ஆந்த்ரெத்தியேன்" என்று ஒரு சொல். அதே சொல்லுக்கு உரையாடல் என்றும் பொருள். பொருத்தம்தான் என்று நினைக்கிறேன். பேச்சை விட்டால் உறவு போகும். கவனிப்பை விட்டால் பொருள் போகும். நம் முன்னோருக்கும் இது தெரியாததல்ல. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஏரியைக் கவனிக்கவே ஒரு குழு இருக்கிறது. ஏரி வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை.

"செலவை வருகிறவர்களிடம் கட்டணமாக வாங்கிவிட்டால் போயிற்று" என்பார்கள் சிலர். நம் கணக்குக்கே வருவோம். மாதம் ஒரு லட்சம், 26 நாள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் வைத்தால் தினம் 77 பேர் வர வேண்டும். இருபது ரூபாய் வைத்தால் 192 பேர். மழைக்காலத்தில் குளம் மூடியிருக்கும்போதும் சம்பளம் ஓடும். பழுதுக்கு எதுவும் மிஞ்சாது. மிஞ்ச வேண்டுமென்று கட்டணத்தை ஏற்றினால், பாறையிலிருந்து குதிக்கிற பையன் பாறையிலேயே இருப்பான். கார் வைத்திருப்பவர் பிள்ளை வந்து நீந்தும். அப்புறம் யாருக்காகக் கட்டினோம்?

"தனியாரிடம் விடலாம்" என்பது அடுத்த யோசனை. 2024 அக்டோபர் கடைசியில் மாநகராட்சிக் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாருக்கு விடவும், ஆடுகிறவர்களிடம் மணிக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்கவும் மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வியாசர்பாடி கால்பந்துக்காரர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டாம். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கியது சரி. ஆனால் தீர்மானம் ஏன் வந்தது? பராமரிக்கப் பணம் இல்லை என்பதால்தானே? அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. மோட்டாரையும் ஃபில்டரையும் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தெரிந்த கம்பெனிக்கு வருடாந்திர ஒப்பந்தத்தில் விடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டணம் நிர்ணயிக்கும் உரிமையைச் சேர்த்து விடக்கூடாது.

தெருவிளக்குக்குக் கட்டணம் வாங்குகிறோமா? பூங்காவில் நடக்க டிக்கெட் உண்டா? குழந்தை நீந்தத் தெரிந்திருப்பதும் அந்த வகைதான். அன்றாடச் செலவில் ஒரு பங்கு கட்டணத்தில் வரட்டும். பழுதுச் செலவு முழுவதும் நாம் கட்டும் சொத்து வரியிலிருந்து வர வேண்டும்.

ஆகையால் மனு எழுதுகிறவர்கள் கீழ்க்கண்டவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்று, கட்டுமான உத்தரவிலேயே பத்து வருஷப் பராமரிப்புத் தொகை தனித் தலைப்பில் வர வேண்டும், மார்ச்சில் சரண்டர் ஆகாதபடி. இரண்டு, குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட அவசரப் பழுதை ஃபைல் போடாமல் அன்றைக்கே செய்ய அந்த இடத்துப் பொறியாளருக்கு அதிகாரம் வேண்டும். மூன்று, ஓடும் பம்ப்போடு ஒரு மாற்றுப் பம்ப்பும், ஸீல், பேரிங் உபரியாகவும் முதல் நாளே இருக்க வேண்டும். நான்கு, தினம் குளோரின் அளவு, பிஎச் அளவு, நீர்மட்டம், பணியில் இருக்கும் உயிர்காப்பாளர் பெயர் எல்லாம் வாசலில் பலகையில் எழுதிப் போட வேண்டும். எழுதாத நாளில் குளம் திறக்கக்கூடாது. ஐந்து, உடைந்த மூடி, அடித்தரை தெரியாத தண்ணீர், உயிர்காப்பாளர் இல்லாமை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்காமல் குளத்தை மூடும் அதிகாரம் அங்கே வேலை பார்க்கும் கடைநிலை ஊழியருக்கே வேண்டும்.

மெரினாக் குளத்தை 2024-இல் ஒரு கோடிக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்துத் திறந்தார்கள். சந்தோஷம். பெரிய தொகை கொடுத்துப் புதுப்பிக்க விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஸீல் மாற்றியவருக்குக் கல்வெட்டு வைத்து நான் பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மூன்றாவது வருஷம் மோட்டார் கசிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் கையில் பணம் இருக்குமா என்று நம் கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வந்த பிறகு அஸ்திவாரக் கல் நடட்டும்.